அமாவாசைச் சோறும் ஓர் அணிலும்

எண்ணெய் தடவிய கம்பத்தில் அணில் வழுக்கி விழும் என்று ஆசையோடு காத்திருந்து, கடைசியில் அந்த எண்ணெயில் நானே வழுக்கி விழுந்தேன். இடுப்புக்குத் தைலம் எடுத்து வந்த மகள், "அணிலுக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, நல்லா இருக்கு லா. மேல உக்காந்து என்னையே பாத்துட்டு இருந்துச்சு."

சண்டை ஓர் இலைச் சோற்றுக்காக. மனைவி போன பிறகு உட்லண்ட்ஸில் மகளின் தரைவீட்டுக்குக் குடிவந்தேன். அமாவாசைதோறும் தேக்கா சந்தையில் வாங்கிய வாழை இலையில் சோறும் பருப்பும் வடையும் வைத்து, பின்பக்கத் தோட்டத்தில் காகத்துக்குப் படைப்போம். காகம் கொத்தினால் அவள் வந்து சாப்பிட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் நாங்கள் வாயில் எதையும் வைப்போம். பறவைக்குத் தீனி போடாதீர்கள் என்று ஊரெல்லாம் பலகை இருக்கிறது. யாராவது அதிகாரி வந்தால், இது தீனி இல்லை, படையல் என்று விளக்க ஒரு நீண்ட உரையே தயாரித்து வைத்திருந்தேன். அதிகாரி வரவில்லை. காகமும் வரவில்லை. அணில்தான் வந்தது.

இந்த ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது. எந்த அவதாரமும் அதைத் தடவிக் கொடுத்ததில்லை. வயிறு மட்டும் காவி நிறம், மற்றபடி துறவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் வடையைத் தூக்கும். பிறகு சோற்றில் இறங்கும். விளக்குக் கம்பத்தில் வந்து உட்காரும் ஒரே காகம் அதைப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும்.

ஓர் இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் தட்டு பொருத்தினேன். ஏறியது. எண்ணெய் தடவியதன் கதையைச் சொல்லிவிட்டேன். அடுத்த அமாவாசைக்கு, தட்டுக்குக் கீழே ஒரு குடையை விரித்துக் கட்டினேன். அது மாமரத்திலிருந்து நேராகத் தட்டுக்கே குதித்தது. உள்ளே மகள் பசியோடு கணினி மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாள்.

ஃபேரர் பார்க் காப்பிக்கடையில் என் பழைய நண்பனிடம் இதைச் சொன்னேன்.

"உன் சம்சாரம்தான்டா அணிலா வந்திருக்கு. விட்டுரு லா."

"வடைய ஒரு கடி கடிச்சிட்டு வீசுதுடா. அவ அப்படிச் செய்ற ஆளா?"

"உன்னோட குடித்தனம் பண்ணி பழகியிருக்கும்."

நானும் சிரித்தேன். ஆனால் பேருந்தில் திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கிய பிறகு அவளால் சாப்பிட முடியாமல் போயிற்று. மருத்துவமனையில் வேளாவேளைக்குத் தட்டு வரும், மூடி திறக்காமலே திரும்பிப் போகும். அந்தத் தட்டுகளை எடுத்துப் போகிறவரிடம் நான் ஏதாவது வேடிக்கை பேசிக்கொண்டிருப்பேன். இப்போது ஒவ்வோர் அமாவாசையும் அவள் அந்த விளக்குக் கம்பம் வரை வந்து, பசியோடு திரும்பிப் போவதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஒரே ஒரு வாய் அவள் சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

கைத்தொலைபேசியில் தேடியபோது வழி கிடைத்தது. பறவைகளுக்குக் காரம் உறைக்காதாம், அணிலுக்கு உறைக்குமாம். போன அமாவாசையன்று மகளிடம் சொல்லாமல், பருப்புச் சோற்றில் மிளகாய்த்தூளைக் கொட்டிப் பிசைந்தேன். சோறு செக்கச் செவேலென்று ஆயிற்று.

அணில் குதித்தது. ஒரு வாய் எடுத்தது. உடனே இரண்டு கையாலும் வாயைத் தேய்த்துக்கொண்டு, தட்டின் விளிம்பில் முகத்தை உரசிக்கொண்டு, மரத்துக்குத் தாவி ஓடியே போயிற்று. சற்று நேரத்தில் காகம் இறங்கியது. ஒரு கொத்து, இன்னொரு கொத்து. பிறகு நிதானமாக, வயிறு நிறைய. என் கண் நிறைந்துவிட்டது.

மகளைக் கூப்பிட்டேன். "அம்மா சாப்பிட்டுட்டா, வந்து பாரு" என்றேன். அவள் ஓடி வந்தாள். காகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் வெற்றிக் களிப்பில் மிளகாய்த்தூள் ரகசியத்தைச் சொன்னேன். அணில் வாயைத் தேய்த்ததை என் இரண்டு கையாலும் நடித்தே காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. இலையில் மிச்சமிருந்த சிவந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு வாயெல்லாம் புண்ணுப்பா."