எங்கள் அப்பாவும் எரிந்துபோன விமானமும்

எங்கள் அப்பா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைந்திருக்கிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய சொந்தபந்தங்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துவிட வேண்டாம். தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள்.

அப்பா வடக்கனந்தலில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பை முடித்த கையோடு எங்கள் தாய்மாமாவுடன் போய் விமானப்படையில் சேர்ந்தார். விடுப்பில் வந்தபோது மாமாவின் தங்கையை, அதாவது எங்கள் அம்மாவை, மணந்துகொண்டார்.

வங்கதேசப் போரில் இருவரும் ஒரே குண்டுவீச்சு விமானத்தைப் பராமரித்தார்கள். அப்பா மெக்கானிக். மாமா அவருக்கு மேலே பொறுப்பாளர். எல்லை தாண்டிக் குண்டு போட்டுவிட்டு அது இறக்கையில் ஓட்டையோடு வரும். அப்பா தகடு வைத்து அடைத்து மறுபடி அனுப்புவார். "நம்ம வூட்டு மாடு மாதிரிடா அது, சொன்னா கேக்கும்" என்பார்.

கடைசித் தடவை திரும்பியபோது இடது சக்கரம் இறங்கவில்லை. விமானம் தரையில் தேய்ந்து ஓடுபாதைக் கோடியில் எரிந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் பிழைக்கவில்லை. சக்கரத்தைச் சரிபார்க்கத் தவறினார் என்று விசாரணையில் முடிவாகி, அப்பாவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டி எங்களை வளர்த்தார். "இன்னாங்க, பிளேனைக் கவுத்தவரு எங்கள ஒழுங்கா எறக்கி வுடுவீங்களா?" என்று ஏறுகிறவர்கள் கேலி பேசுவார்கள். அப்பா குனிந்து பிரேக்கைப் பார்ப்பார். அந்த மலைப்பாதையில் அவர் ஜீப்பில் ஏறிய ஒருவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. மாமாவோ பணியில் நீடித்து, மரியாதையோடு ஓய்வு பெற்றார். சுதந்திர தினத்தில் பள்ளியில் கொடியேற்ற அவரைத்தான் அழைப்பார்கள். இவருக்குப் பிள்ளையாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்த பாவி நான்.

அப்பா போன ஐந்தாம் நாள், கருமாதிக்கு ஒரு மலர் போடலாமென்று, விமானப்படை நாட்களைப் பற்றி எழுதித் தரச்சொல்லி மாமாவிடம் போனேன். அவர் அழுதார்.

"இன்னாத்தடா எழுதறது மாப்ள? சக்கரத்தை எறக்கற ஆயில் ஒழுகுது, பறக்கக் கூடாதுன்னு உங்கப்பன் பிளேன் புக்குல எழுதி வச்சான். அந்தத் தாளைக் கிழிச்சவன் நான்தான். அனுப்பு அனுப்புன்னு மேல இருக்கறவங்க கழுத்துல உக்காந்துகினு இருந்தாங்க. விசாரணையில, அவன் ஒண்ணும் எழுதலன்னுட்டேன்."

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் கேட்டேன்.

"தெரியும்டா. எங்கண்ணன் ஜெயிலுக்குப் போயிடுவாரு, யாராண்டயும் சொல்லாதன்னு உங்கப்பாதான் வாயை அடைச்சிட்டாரு" என்றார். நான் கேலிக்கு அழுதுகொண்டு வந்த நாளெல்லாம் அம்மாவும் மாமாவும் சும்மா இருந்திருக்கிறார்கள். அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

கருமாதியன்று எனக்கு உருமாத் தலைப்பாகை கட்ட மாமா வெள்ளைத்துணியோடு வந்தார். எங்கள் பக்கம் மூத்த மகனுக்குத் தாய்மாமன்தான் உருமா கட்ட வேண்டும். "முதல்ல எல்லாருக்கும் சொல்லுங்க மாமா. அப்புறம் குனியறேன்" என்றேன். பந்தல் முழுக்க எங்களையே பார்த்தது. "வருசத் திதிக்குள்ள சொல்லிடறேன் மாப்ள, உன் கால்ல வேணாலும் வுழறேன்" என்று காதோரம் கெஞ்சினார். நம்பிக் குனிந்தேன்.

வருடம் முடிந்தது. மாமா சொல்லவில்லை. இந்த ஆண்டும் கொடியேற்றினார்.

கடைசி மாதங்களில் அப்பாவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அக்காவுக்கும், கூப்பிட்ட போதெல்லாம் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு ஜீப்பில் கொண்டுபோன வெள்ளிமலை ஓட்டுநர்களுக்கும் எங்கள் நன்றி.

மாமா, உங்கள் பெயரை இந்த நன்றியில் சேர்க்கவில்லை. இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் சொல்லாததை நான் அச்சில் போட்டுவிட்டேன். பொய்யென்றால், எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லுங்கள்.