நான்காம் அத்தியாயத்தில் ஒரு மைனஸ்

“கண்ணுக்கே தெரியாதத எண்ணுறீக. தப்பா எண்ணுனா எவனுக்குத் தெரியப்போவுது?”

அருப்புக்கோட்டைக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் என் தாய்மாமா, நான் அணுக்கருக் கோட்பாட்டில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது கேட்டது இது. ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். கேலி எதுவும் அப்போது என்மேல் ஒட்டாது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஆய்வுக்கூடம் கிடையாது. காகிதம், பேனா, கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ஓர் அணுக்கரு எவ்வளவு வேகமாகச் சிதையும் என்று கணக்கிட்டு, சோதனைக்காரர்கள் அளந்த எண்ணோடு ஒப்பிடுவோம். ஒத்துப்போனால் கட்டுரை. இல்லாவிட்டால் மறுபடியும் கணக்கு.

என் கணக்கு ஒத்துப்போனது. அதுவும் மற்றவர்கள் யாருக்கும் சரியாக வராத ஓர் அணுக்கருவுக்கு. அதுதான் என் பிஎச்.டி. தீசிஸின் நான்காம் அத்தியாயம். அதை வைத்து எழுதிய கட்டுரையை ஓர் ஆய்வுப் பத்திரிகை ஏற்று வெளியிட்டது. அதைப் பார்த்து ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்தவர்களுக்கான ஆராய்ச்சி வேலைக்கு வரச் சொன்னார். தீசிஸைக் கொடுப்பதற்கு முன் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஊருக்கு வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் அப்பா கருவேலங்கட்டையை அடுக்கிக் கரிமூட்டம் போட்டிருந்தார். சித்திரை வெயில், அதோடு புகை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. லேப்டாப் அணைந்துவிட்டது. சும்மா இருக்க முடியாமல், எங்கள் புரோகிராம் போடும் கணக்குகளிலேயே மிகச் சிறிய ஒன்றைக் காகிதத்தில் போட்டேன். பொழுது போக்கத்தான். மைனஸ் வந்தது. அந்த இடத்தில் புரோகிராம் பிளஸ் தரும் என்பது எனக்கு மனப்பாடம். திரும்பத் திரும்பப் போட்டேன். மைனஸ்தான்.

அணுக்கருவுக்குள் இருக்கும் துகளை நாங்கள் ஓர் அலையாக எழுதுவோம். அந்த அலை மையத்தில் பிளஸ் என்று வைத்துக்கொள்ளலாம், அல்லது வெளி விளிம்பில் பிளஸ் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சரி. ஆனால் கணக்கு முழுவதும் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வெளியிலிருந்து வாங்கிய புரோகிராம் முதல் வழியில் எழுதப்பட்டது. அதன் விடையை எடுத்து மேற்கொண்டு கணக்கிடும் எங்கள் குழுவின் பழைய புரோகிராம் இரண்டாம் வழியில் எழுதப்பட்டது. கூட்ட வேண்டியதெல்லாம் கழிந்துபோயிருந்தது. கம்ப்யூட்டர் இதற்கு எரர் காட்டாது. சீனியர் கொடுக்கும் ஃபைலை வாங்கி, இன்புட்டை மட்டும் மாற்றி ஓட்டுவது எங்கள் குழுவின் வழக்கம். உள்ளே திறந்து பார்த்தால் சீனியரையே சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும். அதனால் யாரும் திறக்கவில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் இரண்டு புரோகிராமையும் திறந்து பார்த்து இதை உறுதி செய்துகொண்டேன். குறியைத் திருத்தி, கடைசிக் கட்டத்தை மட்டும் ஓட்டினேன். எண் சோதனையை விட்டு எங்கேயோ போய் நின்றது.

கண்மாய்க் கரையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி, என் கைடுக்குப் போன் போட்டேன்.

“சார், நாலாவது சாப்டர் தப்பு.”

விளக்கமாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“சரியான குறி போட்டா எவ்வளவு வருது?”

“ஆறு மடங்கு தள்ளிப் போகுது, சார்.”

சிக்னல் போய்விட்டதோ என்று கரையில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறினேன். “சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்மா. அந்தப் புரோகிராம வச்சு நாம போட்ட பேப்பரையெல்லாம் நெனச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன்.” பிறகு சொன்னார்: “இப்போதைக்கு அப்படியே குடுத்துரு. ஜெர்மனிக்குப் போயி நிதானமா திருத்தம் போடலாம். நீ போற பஸ்ஸ நீயே ஏன்மா நிறுத்துற?”

அவர் கெட்டவர் இல்லை. என் வேலை போய்விடக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தார். கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது.

வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டார். “ஏத்தா, மொகம் ஏன் இப்படிக் கெடக்கு? பரீச்சையில பெயிலா?”

“பெயில் இல்லம்மா. பாஸானதுதான் தப்பு.”

“யாராச்சும் கண்டுபிடிச்சுட்டாகளா?”

“இல்ல. நான்தான்.”

“அப்பக் கம்முனு கெட! எம்மக செர்மனி போறான்னு ரேசன் கடை வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன். இனிமே நான் அந்தப் பக்கம் எப்படித்தா போவேன்?”

மூட்டத்தில் புகை கசிந்த இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அப்பா, “போகாட்டி விடு, சீனிய நானே போயி வாங்கியாரேன்” என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குத் தலைக்கனம் என்று சொல்வார்கள். இருக்கட்டும். எங்கள் வீட்டில் அச்சில் வந்த முதல் பெயர் என்னுடையது. தப்பென்று எனக்கே தெரிந்த ஓர் எண்ணுக்கு மேலே அது நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று பத்திரிகைக்கு எழுதி, அனுப்பும் முன் சாருக்குக் காட்டினேன். மறுநாள் கூப்பிட்டு, “என் பேரையும் சேத்து அனுப்பும்மா” என்றார். குரல் தளர்ந்திருந்தது. ஜெர்மன் பேராசிரியருக்குப் பழைய எண், புதிய எண் இரண்டையும் அனுப்பினேன். மரியாதையாகப் பதில் எழுதினார். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்.

உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. பாளையம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். தெருவில் யாரும் ஜெர்மனியைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எனக்கு நடக்கவில்லை. நான் கற்றது இவ்வளவுதான்: யார் கொடுத்த புரோகிராமாக இருந்தாலும், ஓட்டும் முன் அதன் மிகச் சிறிய கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்று சார் சொன்னார். எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அலையிலிருந்து தொடங்கி முழுக் கணக்கையும் நானே புதிதாக எழுதினேன். சோதனையோடு ஒத்துப்போகாத எண்தான் மறுபடியும் வந்தது. ஏன் ஒத்துப்போகவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. அதையும் அத்தியாயத்தின் முடிவில் எழுதி, போன வாரம் தீசிஸைக் கொடுத்துவிட்டேன்.