அப்பா மறுபடி வேலைக்குப் போனார்

"வேலை கிடைச்சிடுச்சி சார், உதவித்தொகையை நிறுத்திடுங்க" என்று அப்பா சொன்னதும், தாலுகா ஆபீஸில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சீங்களா? நாளைக்கு வேலை இல்லேன்னா மறுபடி முதல்லேருந்து அலையணும்." அப்பா தலையாட்டினார். என் தோளைப் பிடித்திருந்த அவர் விரல்கள் மட்டும் இறுகின.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருடம் லேத் மெஷின் ஓட்டியவர் அப்பா. கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, நான் பத்தாவது படிக்கும்போது பார்வை முழுசாகப் போய்விட்டது. அதன்பின் மாதாமாதம் வந்த ஊனமுற்றோர் உதவித்தொகையும் அம்மாவின் இட்லிக் கடையும்தான் எங்களுக்கு எல்லாம். பழைய முதலாளி, கம்பெனியில் போன் எடுத்துப் பேசும் வேலை தருவதாகக் கூப்பிட்டபோது அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள்.

"கைல கீறத உட்டுட்டு இன்னாத்துக்குயா போற?"

"மாசத்துக்கு ஒரு தபா பேங்குக்குப் போயினு வர்றதுக்கா நான் உசுரோட கீறேன்?" என்றார் அப்பா.

வேலைக்குப் போன பிறகு வீட்டுக்குள் நுழையும்போதே பேச்சோடு வருவார். "இன்னிக்கி ஒரே போனு. ஓசூர்லேருந்து, கோயம்புத்தூர்லேருந்து. டீ குடிக்கக்கூட நேரம் இல்ல." அம்மாவே சிரித்துவிடுவாள்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கத்து அறையில் தனியாக, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மெஷின் சத்தத்தில் நான் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. கைக்குட்டையால் ரிசீவரைத் துடைத்து வைத்தார். சற்று நேரம் கழித்து மறுபடி துடைத்தார். நான் நின்ற அரைமணி நேரத்தில் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. "எல்லார் கையிலயும் செல்லு கீதும்மா. இதுல யார் பேசறா? முதலாளி மனசு கேக்காம இட்டுனு வந்து உக்கார வச்சிருக்காரு" என்றார் வாட்ச்மேன். சாப்பாட்டை அவரிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தக் கம்பெனி மூடும்வரை அப்பா ஒருநாள்கூட லீவு போடவில்லை. இப்போது அவர் இல்லை. நூம்பலில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். நாள் முழுக்கக் காதில் ஹெட்செட்டோடு யார் யாரிடமோ பேசுகிறேன். ஒரு குரலும் மனதில் தங்குவதில்லை.

ஆனால், சாப்பாடு கொண்டுபோனதற்கு மறுநாள் கேட்ட குரல் தங்கியிருக்கிறது. அன்று காலேஜிலிருந்து அப்பாவின் கம்பெனி நம்பருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "வணக்கம், சொல்லுங்க." வீட்டில் அவர் ஒருநாளும் பேசாத, விறைப்பான, சுத்தமான தமிழ். குரலை மாற்றிக்கொண்டு, முதலாளி இருக்கிறாரா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் இளகி, "வெளியே போயிருக்கார் மேடம். நீங்க கூப்பிட்டீங்கன்னு சொல்றேன்" என்றார். பெயரைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஓசூரிலிருந்து வந்த போனைப் பற்றிச் சொன்னார். கோயம்புத்தூர் போனைப் பற்றியும் சொன்னார். என்னுடையதைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை.