மார்க் போடாத உழவு

அண்ணன் இறந்ததற்குத் துட்டி கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் மதினியிடம் கேட்டது இதைத்தான்: "வெளிநாட்டுக்கு உழப் போனாகளே, கப்பு வாங்குனாகளா?" பதில் சொல்லிச் சொல்லி மதினிக்கு வாய் வறண்டுவிட்டது. எனக்கும் அலுத்துவிட்டது. அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்குகிறவர்கள் ஒருமுறை படித்துக்கொள்ளட்டும் என்று, உடன் போய்வந்த தங்கை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது வெம்பக்கோட்டையில். எங்கள் தகப்பனார் பிறர் காட்டில் கூலிக்கு உழுதவர். கடைசிக் காலத்தில் ஒரு துண்டுக் கரிசலும், பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த ஒரு டிராக்டரும் அவருக்கு வாய்த்தன. மானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றிய வருடங்களே அதிகம். அவருக்குப் பின் அண்ணன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மிஷின்மேன் ஆனார். மதினி பட்டாசு ஆபீசுக்குப் போனார். இருவரும் உழைத்து என்னைப் படிக்க வைத்தார்கள். அதே அச்சகத்தில் ஆங்கில மெயில்களுக்குப் பதில் எழுதும் வேலையும் எனக்குக் கிடைத்தது.

அங்கே வருடந்தோறும் ஒரு வெளிநாட்டு ஆர்டர் வரும். பழைய டிராக்டர்களை வைத்து உழவுப் போட்டி நடத்துகிறவர்களின் காலண்டர். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாட்டுக் கிழவர்கள் தங்களுக்குள் பொழுதுபோக்காக நடத்தியதுதான். வேகத்துக்கு மார்க் இல்லை. கொழு கீறும் சால் நேராகவும் ஒரே ஆழமாகவும் விழ வேண்டும். சீசனுக்குச் சீசன் காலண்டரில் நாட்டுக் கொடிகள் கூடின. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்களே டிராக்டர் இரவல் தருவதாகவும் போட்டிருந்தார்கள். ஒரு வருடம் செப்டம்பர் தாளில் எங்கள் தொழுவில் நிற்கும் அதே ரக டிராக்டரின் படம். மை காயாத தாளோடு அண்ணன் என் மேஜைக்கு வந்தார்.

"ஏ தாயி, இவுகளுக்கு ஒரு மெயில் போடு. நம்ம உழவுக்கு எம்புட்டு மார்க் போடுவாகன்னு பாத்துருவோம்."

பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இதிலாவது வாங்கிவிட வேண்டும் என்று நின்றார். முதலாளி டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். மொழி சொல்ல நானும் போனேன்.

அந்த முறை போட்டி அயர்லாந்தில். அங்கே கனத்த பூட்ஸ் கொடுத்தார்கள். பாதுகாப்புக்காக அது கட்டாயம். ஒத்திகையன்று முழுவதும் அண்ணன் போட்டுக்கொண்டுதான் இருந்தார். போட்டியன்று கொடி அசைந்ததும் வண்டியை விட்டு இறங்கி, பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, வெறுங்காலோடு ஏறி ஓட்டிவிட்டார். சித்திரையில் வருடத்தின் முதல் உழவாகப் பொன்னேர் பூட்டும்போது எங்கள் ஊரில் யாரும் செருப்புக் காலோடு உழுவதில்லை. அந்தப் பழக்கம் அங்கேயும் முந்திக்கொண்டது.

நடுவர் நிறுத்தினார். நல்ல மனிதர். பூட்ஸைப் போட்டுக்கொண்டால் முதலிலிருந்து தொடங்கலாம், இல்லாவிட்டால் மார்க் கிடையாது என்றார். அண்ணனிடம் சொன்னேன். அவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கங்கண்ணே. இதுக்காகத்தான இம்புட்டுத் தூரம் வந்தோம்."

"கும்பிட்டாச்சே தாயி. இனிமே எப்படிப் போட?"

அதை நடுவருக்குச் சொன்னேன். அவர் மார்க் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உழட்டும் என்று கையைக் காட்டினார். அண்ணன் தன் பங்கு நிலத்தை முழுவதும் உழுது முடித்தார். என் கண்ணுக்கு நூல் பிடித்த மாதிரி இருந்தது. யாரும் அளக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஊர் திரும்பிய பின் யார் கேட்டாலும், "போனோம், உழுதோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு நெஞ்சுக் கோளாறு வந்து படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒருநாள், "அளந்திருந்தா எம்புட்டுப் போட்டிருப்பாக?" என்றார். நூற்றுக்கு நூறு என்றேன்.

"பொய் சொல்லாத. திரும்புற இடத்துல ஒரு விரக்கடை கோணிருச்சு."

அண்ணன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

முதலாளிக்கும், அச்சகத்துத் தோழர்களுக்கும், மதினிக்கு மாற்றி மாற்றித் துணையிருந்த பட்டாசு ஆபீஸ் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. டிராக்டர் இரவல் தந்த அயர்லாந்துக்காரருக்கும் நன்றி. அவருக்கு மெயில் போட்டுவிட்டேன்.

வரும் சித்திரையில் அண்ணனின் டிராக்டரில் மதினி பொன்னேர் பூட்டுகிறார். எல்லோரும் வாருங்கள். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிடுங்கள். கப்பைப் பற்றி மட்டும் அவரிடம் இனிக் கேட்காதீர்கள்.