இரண்டு வெட்டு உள்ள எஸ்.எஸ்.டி.

பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தருகிறேன். உடல் நெய்து முடிந்த ஒரு கல்யாணப் புடவை, தறியில் முந்தானைக்குக் காத்திருந்த அன்று என் லேப்டாப் நின்றுபோனது. பெண் வீட்டார் ஒப்புக்கொண்ட முந்தானை டிசைன் அதற்குள் இருந்தது. வேறு நகல் இல்லை. கல்யாணத்துக்கு ஐந்து நாள்.

ஆரணி பஸ் நிலையத்தருகே கடை வைத்திருப்பவர் லேப்டாப்பைத் திறந்து, தகவல் சேமிக்கும் விரல் நீள எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, யு.எஸ்.பி. டப்பா ஒன்றில் செருகினார். சரியாகப் பொருந்தியது. திரையில் எதுவும் வரவில்லை. மூன்று முறை செருகிப் பார்த்துவிட்டு, செத்துப்போச்சு என்றார்.

அந்தப் புடவையை நெய்யும் அக்காவுக்குப் போனில் அப்படியே சொன்னேன். அப்படியென்றால் தறி முதலாளி சொன்ன பழைய முந்தானை டிசைனைப் போட்டுவிடுவதாகச் சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

எழுந்து போகவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு இருந்த எஸ்.எஸ்.டி.களின் தங்க விளிம்பில் ஒரு வெட்டுதான். என்னுடையதில் இரண்டு. அதன் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் சாட்டா என்றிருந்தது. டப்பாவின் அடியில் என்.வி.எம்.இ. என்றிருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன்.

"ஒழுங்கா உக்காந்துச்சே சார். உக்காந்தா ஓடணுமில்ல?"

தறியில், துளையிட்ட ஜக்கார்டு அட்டை அதன் முளையில் சரியாக உட்கார்ந்தால் புடவையில் டிசைன் விழும். இந்த ஊரில் எல்லோருக்கும் பழகிய கணக்கு அது, எனக்கும்தான். ஆனால் சாட்டா முறையில் பேசும் எஸ்.எஸ்.டி.யை என்.வி.எம்.இ. மட்டும் தெரிந்த டப்பா கண்டுகொள்ளாது, எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும்.

சாட்டா டப்பாவுக்கு வேலூர்தான் போக வேண்டும். பஸ் ஏறினேன். அக்காவை நிறுத்தச் சொல்லவில்லை. உறுதியாகாததைச் சொல்லக் கூடாது என்பது முன்பு பார்த்த பத்திரிகை வேலையில் ஏறிய பழக்கம். செத்துப்போச்சு என்று சொன்னதும் உறுதியாகாததுதான் என்பது கண்ணமங்கலம் தாண்டிய பிறகே உறைத்தது. ஆறு முறை அழைத்தேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. நெரிசலில் இறங்கவும் வழியில்லை.

வேலூர்க் கடையில் சரியான டப்பாவில் செருகியதும் ஃபோல்டர்கள் வந்தன. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

பழைய முந்தானை நாலு விரற்கடை ஏறியிருந்தது.

"செத்துப்போச்சுன்னியே தம்பி."

"விசாரிக்காம சொல்லிட்டேன்க்கா."

பிரிக்கலாம் என்றார். ஜரிகை அறுந்தால் புடவையே போய்விடும். ஒவ்வோர் இழையாகத்தான் எடுக்க வேண்டும்.

"நான் எடுக்க எடுக்க நீ இழையச் சுத்திகினே இருக்கணும். முடியற வரைக்கும் எழுந்துக்காத. போன் வந்தாலும்தான்."

தறிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கும் இடம். நுழைந்து உட்கார்ந்து, முதல் இழையைக் கையில் வாங்கினேன்.