அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு

ஹெம்தா லிஃப்ஷிட்ஸை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் அவள் மகன் யோராமுக்கு ஒரு சிக்கல். யூத வழக்கப்படி ஏழு நாள் துக்கத்துக்கு வீட்டார் தாழ்ந்த இருக்கையில் உட்கார வேண்டும். வீட்டிலோ எல்லாம் உயரமான நாற்காலிகள்.

“தாழ்ந்த நாற்காலிக்கா பஞ்சம்? உங்கம்மா நாப்பது வருஷமா வேற எதுலடா உக்காந்தா?” என்றாள் சிம்ஹா. ஹைஃபா மலைச்சரிவில் ஹெம்தா நடத்திய பாலர் பள்ளியில் அவளுக்கு முப்பது வருஷம் உதவியாளாக இருந்தவள். பள்ளிக்குப் போய்ப் பன்னிரண்டு குட்டி நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். ஒன்றின் காலில் கம்பி சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும், துக்க வீடென்றும் பாராமல் சிரித்துவிட்டாள்.

“என்ன சிரிப்பு?”

“இதுலதாண்டா ஹனோக் விழுந்தாரு.”

நாற்பது வருஷத்துக்கு முந்தைய கதை அது. பள்ளியில் திகிஸ்ட் என்றொரு சிறுமி இருந்தாள். எத்தியோப்பியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய குடும்பம். கல்வி அலுவலகத்தில் பிறந்த தேதி கேட்டபோது, “டெஃப் கதிர் அறுக்கிறப்போ பொறந்தா. ஆத்துப் பாலம் அடிச்சிட்டுப் போன வருஷம்” என்று தாய் தெளிவாகத்தான் சொன்னாள். குமாஸ்தா பேனாவைக் கடித்தார், குழந்தையின் உயரத்தைப் பார்த்தார், ஏழு என்று எழுதினார்.

அந்த ஒற்றை எண் அவள் தலையில் இடியாக விழ இருந்தது. ஏழு வயதில் இன்னும் பாலர் பள்ளியா? எழுத்துகூடத் தெரியவில்லையா? அப்படியானால் மந்தபுத்திக்காரர்களுக்கான தனி வகுப்பு. அங்கே போன பிள்ளை திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. கறுத்த பிள்ளைகளை அங்கே அனுப்ப மட்டும் அலுவலகத்துக்குக் காகிதம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

“உயரத்தப் பாத்து வயசு போட்டா, ஒட்டகச்சிவிங்கிக்கெல்லாம் பென்ஷன் குடுக்கணும்” என்றாள் ஹெம்தா. பாலம் போனது எந்த வருஷம் என்று, அதே ஊரிலிருந்து வந்த ஒன்பது பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். ஒன்பது பேரும் ஒரே வருஷத்தைச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் திகிஸ்டுக்கு ஆறு. ஆறு என்றால் கோடை முடிந்ததும் எல்லாரோடும் ஒன்றாம் வகுப்பு.

அந்த அலுவலகத்தின் மேற்பார்வையாளர் ஹனோக் இதை விசாரிக்க வந்தது மரங்களின் புத்தாண்டன்று. கடவுளோடு ஹெம்தாவுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் பண்டிகைகளோடு நல்ல பழக்கம். அன்றைக்கு எல்லா மரத்துக்கும் ஒரு வயது கூடும். என்றைக்கு நட்டது என்று எந்த மரத்தையும் யாரும் கேட்பதில்லை. பிறந்த நாள் தெரியாத திகிஸ்டுக்கும் அன்றைக்கே பிறந்த நாள் என்று முடிவு செய்து, அவள் தலையில் இலைக்கிரீடம் வைத்திருந்தாள்.

“நின்னுக்கிட்டு பேசாதீங்க ஹனோக். இங்க எல்லாருக்கும் ஒரே உயரம்தான்” என்று குட்டி நாற்காலியைக் காட்டினாள் ஹெம்தா. அவர் உட்கார்ந்தார். நாற்காலியின் கால் முறிந்தது. தரையில் கிடந்தவரைப் பிள்ளைகள் ஆனந்தமாகச் சுற்றி நின்றார்கள்.

“வாய்ச்சொல்லு ஆவணமாகாது, ஹெம்தா. ஃபைல்ல ஏழுன்னு இருக்கு” என்றார், தரையிலிருந்தே.

அந்த நேரம் பார்த்துத் திகிஸ்ட் அலறினாள். பண்டிகைக்குக் கொடுத்த ஹரூவ் மரத்து நெற்றைக் கடித்திருக்கிறாள். செருப்புத்தோல் மாதிரி இருக்கும் அது. நெற்றில் ஒரு பல் நின்றது.

“முதல் பல்லு! உன் பீடையெல்லாம் என்மேல வரட்டும்டி கண்ணு!” என்று சிம்ஹா அவளை வாரியெடுத்தாள்.

“ஏழு வயசுக்கு இப்பதான் முதல் பல்லு விழுதா?” என்றாள் ஹெம்தா. “பல்லு தீர்ப்பு இல்ல, சாட்சிதான். உங்க ஃபைல்ல அந்தச் சாட்சியும் இல்லையே. சரி, எழுந்திருங்க. நாற்காலியைத் தூக்க ஆள் போதல.”

பிறந்த நாள் பிள்ளையை நாற்காலியோடு தூக்குவது வழக்கம், ஒரு வயதுக்கு ஒரு தரம். ஹனோக் ஒரு பக்கம், சிம்ஹா மறுபக்கம். பிள்ளைகள் கத்தி எண்ணினார்கள். ஆறாவதோடு ஹனோக் மூச்சு வாங்க இறக்கினார்.

“இன்னும் இருக்கு! அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு!” என்று பிள்ளைகள் விடவில்லை. இன்னொரு தரம் தூக்கினார்கள்.

“ஏழு! நான் சொன்னதும் அதானே!” என்றார் ஹனோக்.

“அதேதான் நடந்திருக்கு” என்றாள் ஹெம்தா. “உங்க குமாஸ்தா அடுத்த வருஷத்தையும் சேத்து எண்ணிட்டாரு. எழுத்துப் பிழை. எழுத்துப் பிழையைத் திருத்த உங்களுக்கே அதிகாரம் இருக்கு, பதினோராம் விதி. நான் படிச்சேன். நீங்க?”

ஹனோக் அவளைப் பார்த்தார், உடைந்த நாற்காலியைப் பார்த்தார், பொக்கை வாய் திறந்து நின்ற திகிஸ்டைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். ஏழு என்பதை அடித்து ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிம்ஹா அன்று மாலையே நாற்காலிக்குக் கம்பி சுற்றினாள்.

யோராம் கேட்டுக்கொண்டிருந்தபோதே கதவு திறந்தது. உயரமான ஒரு பெண், நரை கண்ட தலையோடு வந்து, கம்பி சுற்றிய நாற்காலியையே தேடிப் பார்த்து உட்கார்ந்தாள்.

“மெதுவாடி திகிஸ்ட், அது ஆளத் தள்ளுற நாற்காலி” என்றாள் சிம்ஹா.

கல்லறைக் கல்லில் வெட்டுவதற்கு யோராம் எழுதி வைத்திருந்த காகிதத்தைத் திகிஸ்ட் வாங்கிப் பார்த்தாள்.

“எண்பத்தாறுன்னு போட்டிருக்க. அவங்களுக்கு எண்பத்தஞ்சுதான்.”

“ஒரு வயசுல என்ன இருக்கு?”

சிம்ஹாவும் திகிஸ்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பேனா குடு” என்றாள் திகிஸ்ட்.