சிவப்பும் பச்சையும் ஓடிய சேலை

தொண்ணூறுகளின் கடைசியில் போத்தனூரில், ஒரு மாடி அறையில் நடந்த சிறு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நெய்வதற்கு முன்பே ஒரு துணி எப்படி இருக்கும் என்று கணினித் திரையில் காட்டும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தோம். முதலாளியைத் தவிர ஆட்கள் நானும் இன்னொருவரும்தான். மடிப்பில் ஒளி விழுவதற்கும் நிழல் படிவதற்குமான கணக்கை அவர் எழுதுவார். நிறங்களை நான் சரிசெய்வேன். யாரும் அப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. நான் வந்த நாளிலிருந்தே நிற வேலைகளை அவர் என் பக்கம் தள்ளிவிடுவார். சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

மேட்டுப்பாளையம் பக்கம் தறி வைத்திருந்த ஒருவர் பட்டுச் சேலையொன்றைக் கொண்டுவந்தார். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் சிவப்பு, குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. ஒரு பக்கம் சாய்த்தால் சிவப்பாகவும் மறுபக்கம் சாய்த்தால் பச்சையாகவும் தெரிந்தது.

"இந்த ஓட்டம் அப்படியே திரையில வரோணுங்க. வந்துதுன்னா வாங்கிக்கிறேன்" என்று சொல்லிச் சேலையை விட்டுப்போனார்.

கூட வேலை பார்த்தவர் அதை ஜன்னலருகே எடுத்துப்போய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த எடத்துலங்க மாறுது?" என்று கேட்டார்.

"கண்ணு முன்னாலயே மாறுதேங்க."

"எனக்கு முழுக்க ஒரே கலராத்தானுங்க தெரியுது."

பிறகு சொன்னார். அவருடைய அப்பா ரயில் ஓட்டியவர். இவரும் அந்த வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாமல் கண் பரிசோதனையில் நின்றுபோயிருந்தார். முதலாளிக்குத் தெரிந்தால் இதுவும் போய்விடுமோ என்ற பயம்.

சேலையை வாங்கி வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தேன். "இங்க பாதிக்குப் பாதி. இங்க பச்சை அதிகம்" என்று நான் சொல்லச் சொல்ல, சாய்வையும் கலப்பையும் அவர் குறித்துக்கொண்டார். துணியின் ஒவ்வொரு புள்ளியிலும் பார்க்கும் கோணத்துக்கேற்ப இரண்டு நூல் நிறங்களையும் கலக்கும்படி புரோகிராம் எழுதினார். அதை ஓடவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோதுதான் படம் முழுதாக வரைந்து முடிந்திருந்தது.

"வந்திருக்குதுங்களா?"

"வந்திருக்குதுங்க. பச்சை மட்டும் கொஞ்சம் தூக்கல்."

பச்சையைக் குறைத்தேன்.

தறிக்காரர் பார்த்துச் சம்மதித்துப் போன அன்றே, கூட வேலை பார்த்தவர் தாமாகப் போய் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஏனுங்க, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மணி, இனி துணி வந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே பாருங்க."

அடுத்து வந்தது ஒரு வெள்ளைத் துண்டு. நிறமே இல்லையே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தோம். அதன் இழைகளுக்குள் விழும் நிழலைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் ஆயிற்று.